கல்வராயன் மலையாளிகளின் தோற்றக்கதையும் மலைவாழ்வு மரபும்: வந்தோரும் முன்னிருந்தோரும்

ஆய்வுச் சுருக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகக் கூறிக்கொள்கின்றனர். இத்தோற்றக்கதையை இடப்பெயர்வு வரலாறாக மட்டும் கொள்ளும் பார்வை ஒருபுறமும், இம்மலைவாழ்வைச் சங்கக் குறிஞ்சியின் மாறாத எச்சமாகக் கொள்ளும் பார்வை மறுபுறமும் நிலவுகின்றன. கதையின் வடிவங்கள், திருமணச் சடங்கு, வழிபாடு, ஊர்ப்பெயர், ஜாகிர் ஆட்சி, வேளாண்மை ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்கி, வந்தோர், முன்னிருந்தோர் என்னும் இரு கூற்றின் உறவாகவே இம்மரபு அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, மலையாளி, காராளர், தோற்றக்கதை, கரியராமர், ஜாகிர், குறிஞ்சி

முன்னுரை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து மேற்கே ஏறும் சாலை வெள்ளிமலையை அடைகிறது. சமவெளியிலிருந்து நோக்குவோர்க்குக் கல்வராயன், நெல்லும் கரும்பும் விளையும் நிலப்பரப்பின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் ஒரு தீவு போலவே தோன்றும். மலைவாழ் மக்களைப் பற்றிய தமிழாய்வுகள் பலவும் இத்தோற்றத்தையே கருதுகோளாக ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றன. வெளியுலகத் தொடர்பின்றிப் பன்னெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்தமையால் இவர்களிடம் தொன்மை கெடாமல் நிற்கிறது என்பது அக்கருதுகோளின் சாரம்.

இம்மக்களின் சொந்தக் கதையோ இதற்கு நேர்மாறானது. தாம் காஞ்சியிலிருந்து வந்த காராளர் என்கின்றனர். அவ்வாறாயின் இவர்கள் பழங்குடியினர்தாமா என்ற வினாவை இக்கதையைக் காட்டியே எழுப்புவோர் உளர். வினா ஏட்டளவில் நிற்பதன்று. சாதிச்சான்று, கல்வி, நிலவுரிமை ஆகியவை அதனைச் சார்ந்துள்ளன. ஆகவே தோற்றக்கதையை எவ்வாறு படிப்பது என்பது நாட்டார் வழக்காற்றியலில் ஒரு முறையியல் சிக்கலாக இருப்பதோடு, மலைமக்களின் வாழ்வைத் தொடும் சிக்கலாகவும் இருக்கிறது.

மலையும் பெயர்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பு. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றோடு ஒருசேர எண்ணப்படுவது. ஏறத்தாழ 1,095 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய இம்மலை இன்று கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். கோமுகி, மணிமுத்தா, வசிட்ட நதி ஆகியவை இங்குத் தோன்றி வெள்ளாற்றோடு கலக்கின்றன. பரங்கிப்பேட்டையருகே கடல் சேரும் நீரில் இம்மலையின் மழையும் உண்டு.

‘மலையாளி’ என்ற பெயர் சமவெளியினரிடையே இன்றும் குழப்பம் விளைவிக்கிறது. கேரள மக்களோடும் மலையாள மொழியோடும் இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. மலை + ஆளி, மலையை ஆள்வோர் அல்லது மலையிடத்தார் என்பதே பொருள். இவர்தம் தாய்மொழி தமிழ். தம்மைக் காராளர் என்றும் சுட்டிக்கொள்வர். பெயருக்குப் பின் கவுண்டர் என்னும் பட்டம் சேர்த்து வழங்குவர். காராளர் என்பது மழையைச் சார்ந்து உழுவோரைக் குறிக்கும் பழஞ்சொல். வேளாளரைச் சுட்டும் சொல்லாக நிகண்டுகளில் இடம்பெறுவது. ஒரே மக்களுக்கு மலையைச் சுட்டும் பெயர் ஒன்றும் உழவைச் சுட்டும் பெயர் ஒன்றுமாக இரண்டு நிலவுகின்றன. முன்னது பிறர் இவர்களை அறியும் பெயர். பின்னது இவர்கள் தம்மை நினைக்கும் பெயர்.

ஊர்ப்பெயர்களும் இவ்விருமையைக் காட்டுவன. சேராப்பட்டு, மாவடிப்பட்டு என்பவற்றின் பட்டு, தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் சமவெளி ஊர்கள் பலவற்றின் ஈறாக வருவது. மணியார்பாளையத்தின் பாளையம், பிற்காலப் படைக்குடியிருப்பு முறையின் நினைவைத் தாங்கிய சொல். கிளாக்காடு என்பதன் காடு மலைச்சார்பினது. சேலம் பகுதிக்குச் சென்றால் வளவு என்னும் ஈறு மிகுதியாகக் காணப்படுகிறது. சமவெளியில் வீட்டையும் வீட்டைச் சூழ்ந்த இடத்தையும் குறிக்கும் இச்சொல், மலையில் உறவினர் சேர்ந்துறையும் சிற்றூரையே குறிக்கிறது. முற்றிலும் ஒதுங்கி வாழ்ந்த ஒரு மக்கட்கூட்டத்தின் ஊர்ப்பெயர்கள் இவ்வளவு தூரம் சமவெளியோடு ஒத்திருத்தல் அரிது. கல்வராயன் ஊர்ப்பெயர்களைத் தனியே எடுத்துத் தொகுத்து ஆராய்வதற்கு இடமுண்டு; இங்கு இவ்வளவே போதும்.

காஞ்சியிலிருந்து வந்த கதை

மலையாளிகளின் தோற்றக்கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கில ஆட்சியாளரின் மாவட்டக் கையேடுகளில் பதிவாகத் தொடங்கியது. 1883-இல் வெளிவந்த லெஃபானுவின் சேலம் கையேடு, 1906-இல் வெளிவந்த பிரான்சிசின் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி, இவற்றையும் பிறவற்றையும் தொகுத்துத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் ஆகியன முதன்மையானவை. இந்நூல்களைப் பயன்கொள்வோர் பெரும்பாலும் ‘மலையாளிகள் காஞ்சியிலிருந்து குடிபெயர்ந்த வேளாளர்’ என்ற ஒற்றை வரியாகக் கதையைச் சுருக்கிவிடுகின்றனர். மூலப்பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் கதை ஒன்றன்று, பல என்பது புலனாகும்.

ஒரு வடிவத்தில், முகமதியர் ஆட்சி தென்னாட்டில் ஓங்கியபோது, பத்துத் தலைமுறைக்கு முன், உடன்பிறந்தார் மூவர் காஞ்சியை விட்டு வந்தனர். மூத்தவன் சேர்வராயனிலும் அடுத்தவன் கொல்லிமலையிலும் இளையவன் பச்சைமலையிலும் குடியேறினர். மற்றொரு வடிவத்தில் இடப்பெயர்வுக்குக் காரணம் அரசியல் அன்று, தெய்வம். கரியராமர் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் வேறிடம் நாடிப் புறப்பட, அவரைப் பின்பற்றிப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு வந்தனர். சேலம் சீமையை அடைந்தபின் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைப் பக்கத்திற்கும், சின்னண்ணன் மஞ்சவாடிக்கும் பிரிந்து சென்றனர். மூவரும் வெவ்வேறு குலங்களில் பெண்கொண்டனர் என்று கூறும் வடிவமும் உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பன இயற்பெயர்களே அல்ல, பிறப்பு வரிசையைக் குறிக்கும் முறைப்பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. மலைகளுக்கிடையே நிலவும் உறவுமுறையையும் மூப்பு இளமையையும் வகுத்துரைப்பதற்காக அமைந்த கதைமாந்தர் இவர்.

சவ்வாது மலைக்கு வழங்கும் வடிவம் இவற்றினும் விரிவானது; வடார்க்காட்டுப் பதிவுகளிலிருந்து தர்ஸ்டன் எடுத்தாள்வது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர், வேளாளர் மறுத்தனர், வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு இறுதிக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வழியில் பாலாறு வெள்ளம் பெருக்கெடுத்தது. ஆடவர் அரிதிற் கடந்தனர். நாய்கள் அஞ்சித் திரும்பிவிட்டன. வேடரை வென்று மீண்டு வந்தபோது மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடிருந்தும் இறந்தோராகிவிட்ட எழுவரும் வேடப்பெண்களை மணந்து சவ்வாது மலையேறினர்.

மேலே கூறிய மூவர் கதையின் இரு வடிவங்களிலும் கல்வராயன் பெயர் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். மூவரும் போய்ச்சேர்ந்த மலைகளுள் இது எண்ணப்படவில்லை. கல்வராயனுக்குரிய வடிவம் தென்னார்க்காட்டுப் பதிவில் தனியே கிடைக்கிறது. அது மிகச் சுருக்கமானது, மற்றவற்றினும் கடுமையானது. மலையில் முன்பே வேடர்கள் வாழ்ந்தனர். வந்தவர்கள் வேடர்குல ஆடவரைக் கொன்று அப்பெண்களை மணந்தனர். கதை இவ்வளவே. ஆனால் அத்தோடு அது முடிந்துவிடவில்லை. திருமணத்தின்போது வானை நோக்கி ஒரு துப்பாக்கி சுடப்படும் என்றும், அது வேடக் கணவனின் சாவைக் குறிக்கும் என்றும் அப்பதிவு தெரிவிக்கிறது.

சடங்கு சொல்லும் மறுபாதி

இப்பதிவைக் கடந்து போகும் ஆய்வாளர் மிகப் பலர். ஒரு வேடிக்கை வழக்கமாக அடிக்குறிப்பில் இடம்பெறுவதற்கு மேல் அதற்கு மதிப்புத் தரப்படவில்லை. கல்வராயன் மரபைப் புரிந்துகொள்வதற்குரிய முதன்மைச் சான்று அதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சடங்கின் அமைப்பை எண்ணிப் பார்க்கலாம். மணமகளும் மலையாளி, மணமகனும் மலையாளி. இருவர்க்கும் இடையே முறைப்பெண் முறைமாப்பிள்ளை உறவும் இருக்கக்கூடும். ஆயினும் சடங்கின் கணக்கில் ஒவ்வொரு மணமகளும் ஒரு கணத்திற்கு வேடன் மனைவியாகிறாள். ஒவ்வொரு மணமகனும் புதிதாக மலையேறி வந்தவனாகிறான். முதல் மணத்தில் நிகழ்ந்தது அடுத்தடுத்த மணம் ஒவ்வொன்றிலும் மீண்டும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. வேடனை ஒருமுறை கொன்று மறந்துவிட்டிருந்தால் மறுபடியும் மறுபடியும் கொல்லத் தேவை எழாது. வெடியோசை அவனை அழிக்கிறது. அதே வேளையில் இம்மண்ணுக்கு முதல் உரியவன் அவனே என்பதை ஊரறியச் சொல்லியும் விடுகிறது.

சவ்வாது வடிவத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு இறந்தவர்களாகக் கொள்ளப்படுவோர் வந்தவர்கள். காஞ்சியோடு அவர்களுக்கிருந்த உறவு மனைவியர் செய்த இறுதிக்கடனால் அறுந்துவிடுகிறது. இங்கு இறப்பவன் முன்னிருந்தவன். ஆனால் இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு: மக்கட்கூட்டத்தின் முதல் தாய் மலைக்குரியவள். தந்தைவழி காஞ்சிக்குப் போகிறது. தாய்வழி மலையிலேயே நிற்கிறது. ‘நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தோம்’ என்பது ஆண்வழி மட்டும் கூறும் சொல். அக்கதையின் மறுபாதியைச் சடங்கு சொல்கிறது. கதையை மட்டும் எழுதிக்கொண்டு சடங்கை விட்டுவிட்ட ஆய்வு, பாதி மக்களைப் பற்றியது மட்டுமே.

‘வேடர்’ என்ற சொல்லைக் குறிப்பிட்ட ஓர் இனத்தின் பெயராகக் கொள்ள வேண்டுவதில்லை. உழவர் வருமுன் வேட்டையாடியும் காட்டுவளம் திரட்டியும் வாழ்ந்தோர் எனப் பொதுமையிற் கொள்ளுதலே பொருந்தும். அவ்வாறு முன்னிருந்தோர்க்குப் பொருட்சான்றும் உண்டு. சேர்வராயன் மலையில் மெருகேற்றப்பட்ட புதிய கற்காலக் கற்கோடரிகளை மலையாளிகள் எடுத்துவந்து சிறு கோயில்களில் வைத்து வழிபட்டமையை இராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்துள்ளார். கல்வராயனின் சேலம் பகுதியிலும் இத்தகைய கற்கருவிகள் பிள்ளையார் முதலிய தெய்வங்களின் அருகே வைக்கப்பட்டு வழிபாட்டில் உள்ளன. நிலத்தைக் கொத்தும்போது அகப்படும் கல்லை அதனைச் செய்தவர் யாரென அறியாமலே தெய்வத்தின் பக்கத்தில் வைப்பது, வேடனின் சாவை ஒவ்வொரு மணத்திலும் அறிவிப்பதற்கு நிகரான செயல். முன்னிருந்தோர்க்குப் பெயரில்லை, இடம் உண்டு.

மொழி மறந்தும் சடங்கு நினைவில் வைத்திருக்கும் இத்தன்மை கல்வராயனுக்கு மட்டும் உரியதன்று. தீவு என்னும் உருவகத்தை விடுத்து, உண்மையான தீவொன்றில் வாழும் தமிழ் மரபினரை ஒப்பிட்டுக் காணலாம். கரிபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப் தீவுக்கு 1854 முதல் ஏறத்தாழ 42,000 இந்தியர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேறும் துறைகளாக இருந்தமையால் அவர்களுள் தமிழர் மிகுதி. இன்று அவர்தம் வழித்தோன்றல்களின் அன்றாட மொழி கிரெயோலும் பிரெஞ்சும். ஆயினும் ‘மாலியெமென்’ என மருவிய மாரியம்மனுக்கும், மதுரைவீரனுக்கும் கிடாவெட்டி வழிபாடு நடக்கிறது; பொருள் விளங்காத நிலையிலும் தமிழ்ப் பாடல்களைப் பூசாரிகள் ஓதுகின்றனர். அங்குத் தமிழ்ச்சொல் பேச்சிலிருந்து நீங்கிச் சடங்கில் தங்கிற்று. கல்வராயனில் வேடன் என்ற சொல் மக்களின் தன்னடையாளத்திலிருந்து நீங்கிச் சடங்கில் தங்கிற்று. இரண்டிலும், மக்கள் தம்மைப் பற்றிக் கூறும் வாய்மொழியைக் காட்டிலும் அவர்கள் செய்யும் செயல் கூடுதலாக நினைவு வைத்திருக்கிறது. குவாதலூப்பைத் தனித்த தீவாகக் கொண்டு இவ்வழிபாட்டை விளக்க இயலாது. அதன் வேர் தென்னார்க்காட்டையும் தஞ்சையையும் சார்ந்த ஊர்களில் உள்ளது. கல்வராயனையும் அவ்வாறே சமவெளியோடு சேர்த்தே விளக்க வேண்டும்.

குறிஞ்சி என்னும் சட்டகம்

தமிழ்த்துறைகளில் மலைமக்களை ஆராய்வோர் விரும்பி எடுத்துக்கொள்ளும் சட்டகம் திணைக்கோட்பாடு. தினை, தேன், கிழங்கு, பரண், கிளி ஓட்டுதல் என்று சங்கப்பாடல்களில் காணும் கருப்பொருள்களை ஒருபுறமும், இன்றைய மலைவாழ்வில் காண்பவற்றை மறுபுறமும் நிறுத்திப் பட்டியலிடுவது வழக்கமாகிவிட்டது. கல்வராயனிலும் இவற்றிற்குக் குறைவில்லை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மலையின் பழம்பயிர்கள். தேன், கடுக்காய், புளி, சீக்காய் ஆகியவை காடுபடு பொருள்கள். மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்த வீட்டினுள் தானியம் சேமிக்கும் பரணும் உண்டு.

ஆனால் பட்டியலின் முதற்கூறாகிய தெய்வத்திலேயே சட்டகம் இடறுகிறது. குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் வகுத்த தெய்வம் சேயோன். கல்வராயன் மக்களின் தலைமைத் தெய்வமோ கரியராமர். பெயராலும் நிறத்தாலும் திருமாலைச் சார்ந்தவர். பெரிய கல்வராயனில் கரியகோவில் என்றோர் ஊர் உள்ளது. மலையில் சின்னத்திருப்பதியும் இருக்கிறது. காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு தெய்வம் மலையின் நடுவே அமர்ந்திருக்க, அதனைக் கண்டும் காணாதது போல் இம்மரபைச் சங்கக் குறிஞ்சியின் நேர்த்தொடர்ச்சி என்பது பொருந்துமா? திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் பெயரைக் கரியராமரோடு இணைத்துப் பார்க்கும் ஆவல் ஒருவர்க்கு எழலாம். நடுநாட்டின் பழமையை நிறுவ அது இனிய வழியாகவும் தோன்றும். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு அவ்வாறு இணைப்பது ஆய்வாகாது.

வேளாண்மையும் இத்தகையதே. சேலம் பகுதி மலைகளில் நிலத்தை உழவுக்காடு என்றும் கொத்துக்காடு என்றும் பகுத்துக் கூறும் வழக்கு இருந்தது. முன்னது ஏர் பூட்டக்கூடிய சமநிலம்; பின்னது சரிவிலும் பாறையிடுக்கிலும் களைக்கொட்டால் கொத்தி விதைக்கும் நிலம். காராளர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் மக்களிடம் ஏரும் கொத்தும் அருகருகே நிற்கின்றன. முற்கூறிய இருமை நிலத்திலும் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது எனலாம். கொத்துக்காட்டு வேளாண்மை வேடரிடமிருந்து வந்தது, உழவுக்காடு காஞ்சியிலிருந்து வந்தது என்று நேர்கோடு வரைந்துவிடுதல் கூடாது. மலைச்சரிவு எவரையும் கொத்தவே வைக்கும்.

இன்று இம்மலையின் சரிவுகளில் சாமைக்கு ஈடாக, பல இடங்களில் அதனை விஞ்சியும், பரவியிருப்பது மரவள்ளி. கிழங்கு மலையிலிருந்து இறங்கி ஆத்தூர், சேலம் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. கொலம்பசு வருமுன்னரே கரிபியன் தீவுகளின் பழங்குடியினர்க்கு அதுவே முதன்மை உணவாக இருந்தது. கடல் கடந்து வந்த அச்செடி இம்மலையின் உணவையும் வருவாயையும் மாற்றியமைத்துவிட்டது. சாமை விதைத்தவர் வீட்டில் விதையும் உணவும் சேர்ந்தே இருந்தன. மரவள்ளி நட்டவர் ஆலை விலையை எதிர்நோக்க வேண்டும். குறிஞ்சிப் பட்டியல் எழுதும் ஆய்வாளர் இதனை ‘மரபு சிதைவு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவர். மரவள்ளியை விலக்கிவிட்டுத் தினையை மட்டும் எழுதினால், இம்மக்கள் இன்று எதை உண்டு, எதை விற்று வாழ்கின்றனர் என்பது ஆய்வேட்டில் இடம்பெறாமலே போகும்.

நாடும் ஜாகிரும்

கல்வராயன் ஒதுங்கியிருந்தது என்பதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒதுக்கம் இயற்கை மட்டும் செய்ததன்று. ஆட்சிமுறை அதனைக் கட்டிக் காத்தது.

மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சேலம் பகுதியில் இன்றும் ஊராட்சிப் பெயர்களில் சின்னக் கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு, பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு என நாடு என்னும் சொல் நின்று நிலவுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சமவெளியின் ஆட்சிப் பிரிவாக விளங்கி, பின்னர் அங்கு வழக்கொழிந்துபோன சொல் மலையில் உயிரோடு இருக்கிறது. ஊர்க்கவுண்டரும் ஊர்ப்பெரியோரும் கூடி மணமுறிவு, நில எல்லை, விழா ஆகியவற்றைத் தீர்த்துவைக்கும் முறை இந்நாட்டமைப்பைச் சார்ந்தது.

தென்னார்க்காட்டுப் பகுதியில் இந்நாடுகள் மூன்று ஜாகிர்தாரர்களின் கீழிருந்தன. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்பன அவர்தம் பட்டப்பெயர்கள். இவ்வுரிமை விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டது என்ற வழக்கு உண்டு. சமவெளியில் சமீன்தாரி முறை ஒழிந்த பின்னரும் மலையில் ஜாகிர் நீடித்தது. 1976-ஆம் ஆண்டில்தான் கல்வராயன் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் வரை இம்மலையின் குடியானவர்க்கு நிலவரி வாங்குபவரும் வழக்குத் தீர்ப்பவரும் அரசல்லர், ஜாகிர்தாரரே. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-இல் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் மலைக்குத் தாமதமாக வந்தமைக்குப் பாறையும் காடும் மட்டுமே காரணமல்ல என்பது இதனால் பெறப்படும். ‘தொன்மை கெடாத மலை’ என்று ஆய்வாளர் வியப்பது பெருமளவு, குடியுரிமையின் பயன்கள் எட்டாத மலை என்பதன் மறுபெயர். ஜாகிர் முடிந்தபின் நிலம் யாருக்குரியது என்ற வினா எழுந்தது. பல தலைமுறையாகக் கொத்தியும் உழுதும் வந்த நிலத்திற்குப் பட்டா இல்லாதோர் பலர். வனத்துறையின் எல்லைக்கோடு அவர்தம் கொத்துக்காட்டின் ஊடாகவே ஓடுகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இத்தகையோரைக் கருதியே இயற்றப்பட்டது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானபோது கல்வராயன் மலை தனி வட்டமாயிற்று. வெள்ளிமலை அதன் தலைமையிடம். இம்மலைமக்களின் வாழ்நிலை மேம்பாடு குறித்து 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது.

தனிமை என்னும் அளவுகோல்

பழங்குடி எனப்படுவதற்குரிய இயல்புகளாக 1965-இல் லோகூர் குழு ஐந்தனைக் குறிப்பிட்டது. தொல்குடிப் பண்புகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்பன அவை. இவ்வளவுகோல் இன்றும் அரசு வழக்கில் எடுத்தாளப்படுகிறது. ‘காஞ்சியிலிருந்து வந்தோம்’ என்று சொல்லும் மக்களை இதனெதிரே நிறுத்தினால் நேர்வதென்ன? தம் முன்னோர் கதையைப் பெருமிதத்தோடு கூறினால் பழங்குடித்தன்மை ஐயத்திற்குள்ளாகிறது. பழங்குடித்தன்மையை மெய்ப்பிக்கக் கதையை மறைக்க வேண்டியிருக்கிறது. மரபைச் சேகரிக்கச் செல்லும் ஆய்வாளர், தம் குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் இவ்விடரில் ஏதேனும் ஒரு பக்கம் எடை சேர்ப்பதை உணர்தல் வேண்டும்.

கல்வராயனைப் பொறுத்தவரை சட்டப்படி ஐயமில்லை. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் மலையாளி என்பது தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்குரியதாக இடம்பெற்றுள்ளது. பழைய தென்னார்க்காட்டின் பகுதியாதலின் கள்ளக்குறிச்சி இதனுள் அடங்கும். ஆனால் ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இவ்வரிசையில் இல்லை. அவர்களும் இதே தோற்றக்கதை மரபினர், இதே பெயரினர். மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லாமையால் சான்றிதழுக்கு நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்து வருகின்றனர். மலைத்தொடர் ஓரிடத்தில் முடிந்து மற்றோரிடத்தில் தொடங்குவதைப் போல் மக்கள் முடிந்து தொடங்குவதில்லை.

மேற்காட்டிய இருபாதி வாசிப்பு இங்குத்தான் பயன்படும். தோற்றக்கதை வருகையை மட்டும் கூறவில்லை. வந்தவர்கள் மலைப்பெண்ணின் வழியே மலைக்குரியவரானதையும் சேர்த்தே கூறுகிறது. அது இடப்பெயர்வுச் சான்றிதழ் அன்று. நிலத்தோடு தமக்குள்ள உரிமையின் இயல்பை மக்கள் தாமே வகுத்துக்கொண்ட சாசனம். கொன்றதையும் மணந்ததையும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் இத்தகைய சாசனத்தைச் சமவெளிக் குலவரலாறுகளில் காண்பது அரிது. அவை பெரும்பாலும் அரசன் அளித்த கொடையிலிருந்தே தொடங்குகின்றன.

இவ்வாசிப்பை மேலும் உறுதிப்படுத்தக் களப்பணியில் செய்ய வேண்டுவன சில உள. கதையைச் சொல்பவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டினர், அவர் குடும்பத்திற்கு நிலம் எத்தகையது என்பனவற்றைக் கதையோடு சேர்த்தே பதிய வேண்டும். இதுவரை அச்சில் வந்தவை பெரும்பாலும் ஊர்த்தலைவர்களாகிய ஆடவர் சொன்னவை. ஆண்வழியே காஞ்சிக்குச் செல்லும் கதை அவர்கள் வாயிலிருந்து வருவதில் வியப்பில்லை. முதல் தாய் மலைக்குரியவள் என்ற கதையைப் பெண்கள் தம் பாட்டிமாரிடம் எவ்வாறு கேட்டனர், மணவீட்டில் வெடியோசை எழும்போது மணமகளின் தாய்வீட்டார் அதற்கு என்ன பொருள் கூறுகின்றனர் என்பவை கேட்கப்பட வேண்டியவை. கல்வராயனின் மூன்று ஜாகிர்ப் பகுதிகளிலும் சேலம் பக்கத்து நாடுகளிலும் தனித்தனியே இவ்வடிவங்களைத் திரட்டி, சவ்வாது, சேர்வராயன், பர்கூர் வடிவங்களோடு ஒப்பிடும் பணி தமிழ்த்துறைகள் எடுத்துச் செய்யத்தக்கது.